தடை செய்யப்பட்ட தாலாட்டு

இலண்டன் மாநகரம். 1741-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள். இரவு மணி எட்டு. ஒரு மாளிகையின் வாயிலில் எரிந்த விளக்கை அணைக்கிறார்கள். இருள் எதற்கு? வருகிற பெண்களின் முகம் எவர் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காக! ஒருத்தி வருகிறாள், கையில் பச்சிளங்குழந்தை. கொடுக்கிறாள், போகிறாள். அடுத்தவள் வருகிறாள். அவளுக்கும் அடுத்தவள்! 30 குழந்தைகளோடு இடம் நிரம்பிவிட்டது. கதவு மூடிக்கொண்டது. கொடுத்துவிட்டுப் போனவளும் அழுதாள். கொடுக்க முடியாமல் நின்றவளும் அழுதாள்.

அதுதான் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென இலண்டனில் திறக்கப்பட்ட இல்லம். திறந்தவர் தாமஸ் கோரம். மன்னரல்லர், மதகுருவல்லர், கடலோடி உழைத்த கப்பல் தலைவர். சாலையோரத்தில் வீசப்பட்டுக் கிடந்த சிசுக்களைக் கண்டு நெஞ்சம் பதைத்தவர். ஆண்டுக்கணக்கில் பிரபுக்களின் வாயிற்படி ஏறி இறங்கி, 1739-இல் அரச பட்டயம் பெற்றார்.

இடமோ சிறிது, வறுமையோ பெரிது. எனவே சீட்டுக் குலுக்கல் வந்தது. தாய் ஒரு பையினுள் கைவிட்டு ஒரு பந்தை எடுக்க வேண்டும். வெள்ளைப் பந்து வந்தால் குழந்தைக்கு இடம் உண்டு. சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும். கருப்பு வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போக வேண்டும்! இடம் கிடைத்தவள் ஓர் அடையாளம் விட்டுப் போவாள். ஒரு நாடா, ஒரு பொத்தான், பாதியாய் வெட்டிய நாணயம், ஆடையில் கிழித்த ஒரு துண்டு. நல்ல காலம் பிறந்தால் வந்து மீட்டுக்கொள்வோம் என்ற நம்பிக்கை! மீட்க வந்தவர்கள் மிகச் சிலர். அந்தத் துணித் துண்டுகள் இன்றும் இலண்டனில் இருக்கின்றன. ஏழைத் தாய்மார்கள் எழுதாமல் எழுதி வைத்த வரலாறு அது.

1756-இல் பாராளுமன்றம் பணம் கொடுத்தது. கொண்டுவரும் குழந்தை எதையும் மறுக்கக்கூடாது என்று நிபந்தனையும் போட்டது. நான்கு ஆண்டுகள்கூட முழுமையாகக் கழியவில்லை; ஏறத்தாழ 15,000 குழந்தைகள் வந்து குவிந்தன. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாண்டன. 1760-இல் பாராளுமன்றம் கையை விரித்தது.

தோழர்களே! அந்த மரணங்களுக்கு அன்றைய உலகம் சொன்ன விளக்கம் என்ன? விதி! ஆண்டவன் கொடுத்தான், ஆண்டவன் எடுத்துக்கொண்டான்! அரசன் வீட்டுக் குழந்தையும் செத்ததே, ஆண்டி வீட்டுக் குழந்தைக்கு அழுவானேன் என்றனர். தொட்டிலுக்கும் கல்லறைக்கும் இடையே இருந்த தொலைவை அளந்து பார்க்க எவனும் துணியவில்லை.

துணிந்தவர்களும் தவறியவர்களும்

துணிந்தவர்கள் சிலர் தோன்றினார்கள். வில்லியம் கடோகன் என்ற மருத்துவர் அவர்களில் ஒருவர். 1748-இல், அந்த இல்லத்தின் ஆட்சியாளர் ஒருவருக்கு எழுதிய கடிதமாக ஒரு சிறு நூலை வெளியிட்டார். குழந்தையைக் கை கால் அசைக்க முடியாதபடி துணியால் இறுக்கிச் சுற்றுகிறீர்களே, அவிழ்த்து விடுங்கள் என்றார். பிறந்த குழந்தையின் வாயில் வெண்ணெயும் சர்க்கரையும் திணிப்பானேன், தாய்ப்பால் கொடுங்கள் என்றார். நல்ல அறிவுரை, நாடு ஏற்ற அறிவுரை. ஆனால் அதே நூலில் வேறொன்றும் சொன்னார். குழந்தை வளர்ப்பு என்ற இந்தக் காரியம் நெடுங்காலமாகப் பெண்களின் கையில் விடப்பட்டுவிட்டது, அவர்களுக்கு இதற்குரிய அறிவு ஏது என்று கேட்டார்! மூடப் பழக்கத்தைச் சாடிய பேனா, அந்த மையிலேயே பெண்ணினத்தையும் சாடிற்று. இந்த ஒரு துளி மையை நினைவில் வையுங்கள். பின்னர் அது கடலாகப் பெருகப் போகிறது.

பிரெஞ்சு நாட்டில் ரூசோ எழுந்தார். 1762-இல் வெளியான ‘எமிலி’ என்ற நூலில், தாயே பாலூட்ட வேண்டும், குழந்தையைக் கட்டிப் போடாதீர் என்று எழுதினார். சீமாட்டிகள் படித்துக் கண்ணீர் விட்டனர். ஆனால் அந்த ரூசோவுக்குத் தெரேசு என்ற ஏழைப் பெண்ணிடம் பிறந்ததாக அவரே ஒப்புக்கொண்ட 5 குழந்தைகளின் கதி என்ன? ஐந்தும் பாரிசு நகரத்து அநாதை இல்லத்துக்கு அனுப்பப்பட்டன! உலகக் குழந்தைகளுக்கு நூல் எழுதியவர் தம் குழந்தைகளுக்குப் பெயரும் இடவில்லை. மனிதன் விடுதலையோடு பிறக்கிறான் என்று முழங்கிய அறிஞரை நாம் போற்றுகிறோம். அதற்காக இதை மறைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. எவரையும் ஆராயாமல் வணங்குவது நம் வழக்கம் அல்ல.

கிருமியை வென்ற காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்சி மாறிற்று. பாஸ்டர் என்ற பேரறிஞர் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைக் காட்டினார். காய்ச்சலும் கழிச்சலும் கடவுளின் கோபமல்ல, கிருமிகளின் வேலை என்று தெரிந்தது. விதி என்று விடப்பட்டதற்கு விடை கிடைத்தது.

பாரிசு நகரில் தார்னியே என்ற மகப்பேற்று மருத்துவர், உயிர்க்காட்சிச் சாலை ஒன்றில் கோழிக் குஞ்சுகளைப் பொரிக்க வைக்கும் வெப்பப் பெட்டியைக் கண்டார். குறைமாதக் குழந்தைக்கும் வெப்பம்தானே தேவை என்று அவர் அறிவு கேட்டது. 1880-ஐ ஒட்டி அவருடைய மருத்துவமனையில் அத்தகைய பெட்டி வந்தது. செத்துவிடும் என்று கைவிடப்பட்ட சிசுக்கள் பிழைத்தன. அவருடைய மாணவர் பியேர் புதென் 1892-இல் தாயையும் குழந்தையையும் வாரந்தோறும் வரவழைத்து, எடை பார்த்து, பாலூட்டும் முறை சொல்லித்தரும் நிலையத்தைத் தொடங்கினார். 1894-இல் பெகாம்ப் என்ற கடற்கரை ஊரில் லெயோன் துபூர், தாய்ப்பால் இல்லாத குழந்தைகளுக்குத் தூய பால் வழங்கும் நிலையம் அமைத்தார். ‘பால்துளி’ என்று அதற்குப் பெயர். அந்தத் துளி நாடு நாடாகப் பரவிற்று.

இந்த இடத்தில் புதென் சொன்ன ஓர் எச்சரிக்கை உண்டு. குறைமாதக் குழந்தையைப் பெட்டியில் வைத்து, தாயை வெளியே நிறுத்திவிட்டால், நாளடைவில் தாய்க்கும் சேய்க்கும் உள்ள பற்றே அறுந்துபோகிறது. உயிரைக் காப்பாற்றி உறவை இழந்துவிடாதீர் என்றார் அவர். உலகம் பெட்டியை எடுத்துக்கொண்டது. எச்சரிக்கையை எறிந்துவிட்டது.

வெள்ளை அங்கி அணிந்த புரோகிதம்

வெற்றி மயக்கம் பொல்லாதது. கிருமி கையில் இருக்கிறது, எனவே தொடாதே! கிருமி மூச்சில் இருக்கிறது, எனவே நெருங்காதே! இப்படித் தொடங்கியது புதிய தீண்டாமை. கிருமிக்காகச் சொன்னது பிறகு குணத்துக்கும் சொல்லப்பட்டது. தூக்கினால் கெட்டுவிடும், ஆட்டினால் அடம் பிடிக்கும், கொஞ்சினால் கோழையாகும்!

அமெரிக்காவில் எம்மெட் ஹோல்ட் என்ற புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் 1894-இல் வெளியிட்ட கைந்நூல், பல பதிப்புகள் கண்டு வீடுதோறும் நுழைந்தது. தூய்மையைப் பற்றியும் பாலைப் பற்றியும் பயனுள்ள செய்திகள் அதில் நிறைய உண்டு. கூடவே, ஆறு மாதம் ஆகாத குழந்தையோடு விளையாடவே கூடாது என்ற கட்டளையும் உண்டு! 1914-இல் அமெரிக்க அரசின் குழந்தைகள் நலத் துறை வெளியிட்ட நூலும் ஆட்டித் தூங்கவைப்பதை எதிர்த்தது. நியூசிலாந்தில் 1907-இல் ட்ரூபி கிங் தொடங்கிய சங்கம் நான்கு மணிக்கு ஒருமுறை பால் என்று விதித்தது. குழந்தை அழுதால் தாய் குழந்தையின் முகத்தைப் பார்க்கக்கூடாது, சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்! மணியாகவில்லையா? அழட்டும்!

இவர்கள் எல்லாரையும் மிஞ்சினார் ஜான் வாட்சன். உளவியல் வல்லுநர். மனிதனின் நடத்தையை ஆய்வுக்கூடத்தில் அளக்கலாம் என்ற புதுநெறியின் தலைவர். தம் மனைவி ரோசலி ரெய்னரின் துணையோடு எழுதி 1928-இல் அவர் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூலில், தாயன்பின் ஆபத்து பற்றி ஓர் அத்தியாயமே இருந்தது. அணைக்காதே, முத்தமிடாதே, மடியில் வைக்காதே என்றார். மனம் கேட்கவில்லையென்றால் இரவில் நெற்றியில் ஒரு முத்தம் போதும், காலையில் கை குலுக்கினால் போதும் என்றார். கை குலுக்குவதாம்! குழந்தை என்ன, கணக்குக் காட்ட வந்த குமாஸ்தாவா?

நாம் கேட்கிறோம்: இதற்குச் சான்று என்ன? எத்தனை குழந்தைகளை முத்தமிட்டு வளர்த்து, எத்தனை குழந்தைகளை முத்தமிடாமல் வளர்த்து, எத்தனை ஆண்டு பார்த்து இந்த முடிவுக்கு வந்தார்? பார்க்கவேயில்லை! அறிவியலின் மொழியில் பேசினார், அறிவியலின் அங்கியை அணிந்தார், அறிவியலின் உயிரான சோதனையை மட்டும் செய்யவில்லை. ‘சாத்திரம் சொல்கிறது, கேள்வி கேட்காதே’ என்பதற்கும், ‘நிபுணர் சொல்கிறார், கேள்வி கேட்காதே’ என்பதற்கும் என்ன வேறுபாடு? முன்னதற்குப் பூணூல், பின்னதற்கு வெள்ளை அங்கி!

அந்த வீட்டிலேயே ஒரு மெல்லிய கலகக் குரல் கேட்டது. வாட்சனின் இரு பிள்ளைகளுக்குத் தாயான ரோசலி, 1930-இல் ஓர் இதழில் கட்டுரை எழுதினார். கணவரின் கொள்கையைப் புகழ்ந்தார். ஆனால் சிலவற்றில் தம் உள்ளம் அதற்கு எதிராகக் கிளர்கிறது என்பதை மறைக்கவில்லை. கொள்கையின் கோட்டைக்குள்ளே நின்று ஒரு தாய் விட்ட பெருமூச்சு அது. கடோகனின் பேனாவிலிருந்து விழுந்த துளி நினைவிருக்கிறதா? பெண்ணுக்கு என்ன தெரியும் என்ற அந்தத் துளிதான், 180 ஆண்டுகளில் பெண்ணின் மடியையே மூழ்கடித்தது.

மெழுகிய தரை, மாண்ட குழந்தைகள்

பிழையைக் காட்டிக் கொடுத்தது எது? புராணமா? பிரார்த்தனையா? இரண்டும் இல்லை. எண்ணிக்கை! எண்ணிப் பார்த்த மனிதர்கள்!

நியூயார்க்கில் ஹென்றி சேப்பின் என்ற மருத்துவர், அநாதைக் குழந்தைகளைப் பெருங்கட்டடங்களில் அடைப்பதை எதிர்த்தார். 1902-இல் ஒரு சங்கம் அமைத்து, குழந்தைகளைக் குடும்பங்களில் விட்டு வளர்க்க ஏற்பாடு செய்தார். 1915-இல் குழந்தை இல்லங்களின் மரணக் கணக்கை மருத்துவ உலகின் முன் வைத்து, கணக்கை ஒளிக்காதீர் என்று வாதாடினார்.

பிறகு வந்தார் ரெனே ஸ்பிட்ஸ். வியன்னாவில் பிறந்த யூதர். நாஜிக் கொடுமை சூழ்ந்த ஐரோப்பாவை விட்டு அமெரிக்கா சேர்ந்த மருத்துவர். 1945-இல் அவர் வெளியிட்ட ஆய்வு இரண்டு இடங்களை ஒப்பிட்டது. ஒன்று சிறைச்சாலை, அங்கே சிறைப்பட்ட பெண்கள் தம் குழந்தைகளைத் தாமே வளர்த்தனர். மற்றொன்று அநாதை இல்லம்; துப்புரவுக்குப் பேர் போனது; நல்ல உணவு, மருத்துவர் வருகை எல்லாம் உண்டு. ஆனால் எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு தாதி. தொட்டிலின் பக்கங்களில் துணி தொங்கவிடப்பட்டிருக்கும். குழந்தை கண் விழித்தால் காண்பது கூரை ஒன்றே!

விளைவு? சிறைச்சாலைக் குழந்தைகள் தவழ்ந்தன, எழுந்தன, ஓடின. ஸ்பிட்ஸ் கவனித்த காலத்தில் அங்கே ஒரு குழந்தையும் சாகவில்லை. மெழுகித் துடைத்த அநாதை இல்லத்திலோ, 91 குழந்தைகளில் 34 இரண்டு ஆண்டுக்குள் மாண்டன. பிழைத்தவற்றில் பல, வயது இரண்டைக் கடந்தும் நடக்கவில்லை, பேசவில்லை. முதலில் அழுதன, பிறகு அழுகையும் நின்றது. அழுது பயனில்லை என்று கற்றுக்கொண்ட குழந்தை! அதைவிடக் கொடிய பாடத்தை எந்தப் பள்ளி கற்பிக்கும்? 1947-இல் அந்தக் குழந்தைகளின் முகங்களைப் படச்சுருளில் காட்டினார் ஸ்பிட்ஸ்.

ஸ்பிட்சின் ஆய்விலும் ஓட்டைகள் உண்டு. அந்த இல்லம் எங்கே உள்ளது என்பதைக்கூட அவர் தெளிவாகச் சொல்லவில்லை. தட்டம்மையும் அங்கே பலரைக் கொண்டுபோயிற்று. 1955-இல் சாமுவேல் பின்னோ என்ற ஆய்வாளர் இக்குறைகளை அடுக்கிக் காட்டினார். இதை ஏன் எழுதுகிறோம்? நமக்குப் பிடித்த முடிவைச் சொல்கிறார் என்பதற்காக ஒருவரின் சான்றை ஆராயாமல் ஏற்பது பகுத்தறிவு ஆகாது. ஐயம் எழுந்தது, எனவே மேலும் ஆய்வுகள் எழுந்தன. அதுதான் அறிவின் வழி.

1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை, வீடிழந்த குழந்தைகளைப் பற்றிப் பல நாட்டுச் செய்திகளைத் திரட்டிற்று. 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்துக் காட்டினார். பெற்றோர் வந்தால் குழந்தை அழுகிறது, எனவே பெற்றோர் வரக்கூடாது என்பது அன்றைய பிரிட்டிஷ் மருத்துவமனைகளின் விதி! படம் பார்த்த மருத்துவர்கள் சீறினார்கள். ஆயினும் 1959-இல் அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோரைத் தாராளமாக உள்ளே விடுங்கள் என்று பரிந்துரைத்தது. கம்பிக் கதவு மெல்லத் திறந்தது.

முதல் திங்கள்களில் நடப்பது என்ன?

அணைப்பில் அப்படி என்ன இருக்கிறது? மந்திரமா? மாயமா? இல்லை. மனித உடலின் வளர்ச்சி முறை.

பிறந்த குழந்தையின் மூளை, வளர்ந்த மனிதனின் மூளையில் ஏறத்தாழக் கால் பங்கு எடைதான். ஓராண்டுக்குள் அது இரு மடங்குக்கு மேல் வளர்கிறது. அந்த வளர்ச்சி வெளியுலகத்தோடு பேசிப் பேசி நடக்கும் வளர்ச்சி. பிறந்த குழந்தைக்கு ஒரு சாண் அல்லது அதைவிடச் சற்று அதிகமான தொலைவில் உள்ளதே ஓரளவு தெளிவாகத் தெரியும். பாலூட்டுபவளின் முகம் இருக்கும் தொலைவும் அதுவே! பிறந்த சில நாள்களிலேயே தாயின் குரலை மற்றப் பெண்களின் குரலிலிருந்து பிரித்தறிந்து விரும்புகிறது என்று 1980-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டிற்று. ஆறு வாரம் ஆகும்போது முகம் பார்த்துச் சிரிக்கிறது. நாம் சிரித்தால் அது சிரிக்கிறது. அது ‘ங்கா’ என்றால் நாமும் ‘ங்கா’ என்கிறோம். விளையாட்டென்று நினைக்கிறோம், அதுதான் முதல் உரையாடல், முதல் பாடம். ஐந்து வயதில் நம் வகுப்புக்கு வந்து சேரும் பிள்ளைக்கு ‘அ’ எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். கேட்கவும் நம்பவும் விடை எதிர்பார்க்கவும் கற்றுக்கொடுத்தவர்கள், நமக்கு முன்னே தொட்டிலருகே நின்ற ஆசிரியர்கள்!

மிகத் தெளிவான சான்று உருமேனியாவிலிருந்து வந்தது. அங்கே 1966-இல் சௌசெஸ்குவின் அரசு கருக்கலைப்பைத் தடுத்தது. பெற்றுக்கொள் என்று பெண்ணுக்கு ஆணையிட்டது. வளர்க்க வழியில்லாக் குழந்தைகள் அரசு இல்லங்களில் குவிந்தன. 1989-இல் ஆட்சி கவிழ்ந்தபோது உலகம் அந்த இல்லங்களைக் கண்டு திடுக்கிட்டது. 2000-இல் தொடங்கிய ஆய்வில், இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, வளர்ப்புக் குடும்பங்களில் விடப்பட்டனர். குடும்பம் கிடைத்த குழந்தைகளின் அறிவு வளர்ச்சி முந்தியது. இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் மிகவும் முந்தினர். இலண்டனில் பந்து எடுத்த குலுக்கல் குழந்தையின் கதியை முடித்தது. புக்காரெஸ்டில் நடந்த குலுக்கல், அதுவரை ஒரு குழந்தைக்கும் கிட்டாத இடத்தைப் பாதிப் பேருக்குப் பெற்றுத் தந்தது. தொட்டில் காலம் காத்திருப்பதில்லை என்பதை அது உலகுக்குக் காட்டிற்று.

ஏழை நாடு தந்த விடை

கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டா. அங்கே ஏழைகளுக்கான ஒரு மகப்பேற்று மருத்துவமனை. ஆண்டு 1978. குறைமாதக் குழந்தைகள் பல. வெப்பப் பெட்டிகள் சில. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளை வைத்தார்கள். நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றியது. எட்கார் ரே என்ற மருத்துவர் சிந்தித்தார். பெட்டி தருவது என்ன? வெப்பம். தாயின் மார்பிலும் வெப்பம் உண்டே! குழந்தையைத் தாயின் மார்போடு தோலும் தோலும் பட நிமிர்த்திக் கட்டிவிட்டார். தார்னியே கோழிப் பெட்டியைக் கண்டார்; ரே கங்காருவை நினைவூட்டினார். ‘கங்காரு முறை’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது.

பணக்கார நாடுகள் முதலில் ஐயுற்றன. ஐயுறட்டும், தவறில்லை! சோதித்தார்கள். 2021-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இந்தியாவிலும் ஆப்பிரிக்காவின் கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளிலும் நடந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். பிறந்தவுடன் மார்போடு அணைக்கப்பட்டவர்களில் 28 நாளுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 12. முன்பிருந்த வழக்கப்படி, உடல் நிலை சீரான பின்னரே அணைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 15.7. நான்கில் ஒரு சாவு குறைந்தது! 2022-இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையைத் திருத்தி, உடனே அணையுங்கள் என்றது. புதென் எழுப்பிய எச்சரிக்கைக்கு, நூறாண்டுக்கு மேல் கழித்து உலகம் செவி சாய்த்தது.

நமக்கு இதில் என்ன?

இதைக் கேட்டதும் பழமை விரும்பிகள் துள்ளிக் குதிப்பார்கள். ‘பார்த்தீர்களா, எங்கள் பாட்டிமார் சொன்னதுதான் சரி!’ என்பார்கள். பொறுங்கள்! தமிழ்க் குடிகள் தாலாட்டுப் பாடின, உண்மை. பிள்ளைத்தமிழ் என்றே ஓர் இலக்கிய வகை கண்டோம். குழந்தை தலை நிமிர்த்தி ஆடுவதைச் செங்கீரைப் பருவம் என்றோம், கைகொட்டுவதைச் சப்பாணிப் பருவம் என்றோம், முத்தத்துக்கே ஒரு பருவம் வகுத்தோம். வாட்சன் தடுத்த முத்தத்துக்குப் புலவர்கள் பத்துப் பாட்டுப் பாடினார்கள்! பெருமை கொள்வோம்.

ஆனால் அதே தாழ்வாரத்தில் வேறு என்னென்ன நடந்தன? முதல் நாள் சுரக்கும் சீம்பாலை ஆகாது என்று பீய்ச்சிக் கொட்டினார்கள். நோயைத் தடுக்கும் ஆற்றல் நிறைந்த பாலைத் தரையில் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாவில் வைத்துச் ‘சேனை’ என்றார்கள். கழுதைப் பால் புகட்டினார்கள். காய்ச்சல் வந்தால் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். தாலாட்டு தழைக்கட்டும், சேனை ஒழியட்டும்! பாட்டி சொன்னதெல்லாம் பொய்யும் அன்று, மெய்யும் அன்று. வாட்சன் சொன்னதையும் சோதிப்போம், வள்ளியம்மைப் பாட்டி சொன்னதையும் சோதிப்போம். சோதனையில் நிற்பதே நம் சொத்து.

இன்னொரு வஞ்சகத்தையும் வெளிப்படுத்தியாக வேண்டும். ‘அணைப்பு தேவை என்று அறிவியலே சொல்கிறது, ஆகவே பெண்ணே, படிப்பை விடு, பணியை விடு, அடுப்பங்கரைக்குப் போ!’ என்று வாதாட ஒரு கூட்டம் காத்திருக்கிறது. பௌல்பியின் அறிக்கையை அப்படித் திரித்தவர்கள் மேலைநாட்டிலும் இருந்தார்கள். ஆய்வு சொல்வது அதுவன்று. மாறாத அன்போடு, விட்டுப் போகாத ஒருவர், சிலர் குழந்தைக்கு வேண்டும் என்பதே அது சொல்வது. தகப்பனுக்கு மார்பு இல்லையா? அவன் தோலில் வெப்பம் இல்லையா? கங்காரு முறையில் தந்தையும் குழந்தையைச் சுமக்கிறான். பால் தருவது தாயால் மட்டுமே முடியும். மடி தருவது எவராலும் முடியும். குழந்தையைத் தூக்கினால் ஆண்மை குறைந்துவிடும் என்று நினைக்கும் இளைஞன், எத்தனை மேடை ஏறிப் பெண்ணுரிமை பேசினாலும் அந்தப் பேச்சு பொய்.

சட்டத்தையும் பாருங்கள். 1961-இல் இந்தியாவில் மகப்பேற்று உதவிச் சட்டம் வந்தது. 12 வாரமாக இருந்த விடுப்பு 2017-இல் 26 வாரமாக உயர்ந்தது. நன்று! ஆனால் யாருக்கு? நிறுவனத்தில் பெயர்ப் பதிவேட்டில் இடம் பெற்றவளுக்கு. களை பறிப்பவளுக்கு? செங்கல் சுமப்பவளுக்கு? வீட்டு வேலை செய்பவளுக்கு? வரப்போர மரத்தில் தூளி கட்டிவிட்டு வயலில் இறங்குகிறாளே, அவளுக்கு அன்பில்லையா? அன்பு மலையளவு இருக்கிறது, நேரம் மணியளவும் இல்லை! நாள் கூலியை இழந்தால் இரவில் உலை இல்லை. இலண்டன் வாயிலில் இருட்டில் நின்ற தாய்க்கும் அன்பு இல்லாமலா ஆடையைக் கிழித்து அடையாளம் வைத்தாள்? அன்பைத் தோற்கடித்தது வறுமை. கருப்புப் பந்து பையில் தானாக வந்து விழவில்லை. ஒரு சமுதாயம் போட்டு வைத்தது.

பகுத்தறிவாளனுக்கு இதயம் இல்லை என்று நம்மைப் பழிப்போர் பலர். அவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். அணைப்பைத் தடை செய்தது அறிவு அல்ல. அறிவின் பெயரால் வந்த ஆணவம். அந்தத் தடையை நீக்கியது வேண்டுதல் அல்ல. எண்ணிப் பார்த்த, ஒப்பிட்டுப் பார்த்த, தவறைத் திருத்திக்கொண்ட அறிவு.

தோழர்களே! உங்கள் ஊரில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போங்கள். சீம்பாலைக் கொட்டாதீர் என்று சொல்லுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால், ஆறு திங்கள் வரை தாய்ப்பால் மட்டும் என்று எடுத்துரையுங்கள். அழும் குழந்தையைத் தூக்குங்கள், கெட்டுப் போகாது. உழைக்கும் தாய்க்கு ஊதியத்தோடு ஓய்வு வேண்டும் என்று மன்றந்தோறும் தீர்மானம் போடுங்கள். வேலைத் தலந்தோறும் குழந்தைக் காப்பகம் கேளுங்கள். இன்று மாலை வீட்டுக்குப் போனதும், ஆண்பிள்ளைகளாகிய நீங்கள், தொட்டிலருகே சென்று உங்கள் குழந்தையை, உங்கள் தம்பியை, தங்கையை, அக்கையின் மகவைக் கையில் எடுங்கள். ஒரு சாண் தொலைவில் முகத்தைக் காட்டுங்கள். அது காத்திருக்கிறது.